பல் வேரில் கரைந்த தாதுவைத் திரும்ப ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் பல்லில், ஈறை ஒட்டினாற்போல மஞ்சளாகவோ பழுப்பாகவோ மெத்தென்று ஓர் இடம் உண்டாகும். அதுதான் வேர்ச் சொத்தை. வயதானவர்களுக்கும், வாய் உலர்ந்துபோனவர்களுக்கும், பல்லுக்கு கேப் போட்டவர்களுக்கும், கழற்றி மாட்டும் பல்செட் வைத்திருப்பவர்களுக்கும் அதிகம் வருவது. அந்த இடத்தை மறுபடி கெட்டிப்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் அப்படிப் போவது வருத்தமான விஷயம். அதனால்தான் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வேர்ச் சொத்தை தானாக ஆறுமா?

தானாக ஆறாது. ஆனால் ஆற்ற முடியும். டென்மார்க்கைச் சேர்ந்த பென்டே நிவாத், ஓலே ஃபெயர்ஸ்கோவ் இருவரும் 1986இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். தினமும் கவனமாகத் துலக்கி ஃப்ளோரைடு பற்பசையும் பயன்படுத்தியபோது, மெத்தென்றிருந்த வேர்ச் சொத்தைகள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகி அப்படியே நின்றன. பல்லைக் குடையவில்லை, அடைக்கவில்லை.

திரும்ப வருவது கெட்டித்தன்மை மட்டும்தான், பழைய வடிவம் வராது. குழி விழுந்திருந்தால் குழி குழியாகவே இருக்கும். நிறமும் பழையபடி வெளுக்காது, பெரும்பாலும் இன்னும் கறுக்கும். இதை முதலிலேயே தெரிந்துகொள்ளாதவர்கள், மூன்று மாதம் கழித்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “எதுவும் ஆகவில்லை, முன்பைவிட மோசம்” என்று நல்லபடி போய்க்கொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்கள்.

வேர் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

பல்லின் மேற்பகுதியை மூடியிருக்கும் எனாமலின் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது. வேரில் எனாமலே கிடையாது. அதற்குப் பதில் சிமென்டம் என்ற மெல்லிய போர்வை இருக்கிறது. ஈறை ஒட்டிய பகுதியில் அதன் தடிமன் 20 முதல் 50 மைக்ரான் வரைதான், ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கிவிடும். சில வருடம் அழுத்தித் துலக்கினால் அது தேய்ந்துபோகும், பல்லில் இறுகிப் படிந்த காரையை எடுக்கும்போதும் கொஞ்சம் போகும். அதற்கு அடியில் இருப்பது டென்டின். அதன் எடையில் சுமார் 70 சதவீதம் தாது, 20 சதவீதம் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத நார், மீதி நீர். டென்டினின் தாதுப் படிகங்கள் எனாமலில் இருப்பவற்றைவிட மிகச் சிறியவை, கார்பனேட்டும் அதிகம் கலந்தவை. அதனால் அமிலத்தில் எளிதாகக் கரைகின்றன.

அமிலத்தன்மையைக் காட்டும் எண் பி.எச்., அது இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று பொருள். எனாமல் கரையத் தொடங்க வாயின் பி.எச். அளவு சுமார் 5.5க்கு இறங்க வேண்டும். வேருக்கு 6.2 முதல் 6.7க்குள் இறங்கினாலே போதும். எண்ணில் சின்ன வித்தியாசமாகத் தெரியும், நடைமுறையில் அது பெரிய வித்தியாசம். ஒரு முறை இனிப்புச் சாப்பிட்டால் எனாமல் கரைவது கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், வேர் அதற்குப் பிறகும் கரைந்துகொண்டிருக்கும். பிஸ்கட், ரொட்டி போன்று பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும் மாவுப் பண்டங்கள்கூட வேரைக் கரைக்கும் அளவுக்கு அமிலத்தை உண்டாக்கிவிடும்.

தாது எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது?

பல்லின் தாது ஹைட்ராக்ஸிஅப்படைட் என்ற கால்சியம் பாஸ்பேட் படிகம். பல்லில் படியும் அழுக்குப் படலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் பட்டதும் படிகத்திலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகின்றன.

உமிழ்நீரில் இதே கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த நிலையில் தாராளமாக இருக்கின்றன. வாய் முழுவதும் கல்லாகப் படிந்துவிடாமல் ஸ்டாத்தெரின் போன்ற உமிழ்நீர்ப் புரதங்கள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. உமிழ்நீரின் பைகார்பனேட் அமிலத்தை முறித்து பி.எச். மேலே ஏறியதும், அந்தக் கால்சியமும் பாஸ்பேட்டும் மிச்சமிருக்கும் படிகங்களின் மேல் போய்ப் படியத் தொடங்கும். அந்த நேரத்தில் ஃப்ளோரைடு இருந்தால் வேலை வேகமாக நடக்கும். ஃப்ளோரைடு படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு கால்சியத்தை இழுக்கிறது, புதிதாகப் படியும் அடுக்கும் பழையதைவிட அமிலத்தைத் தாங்குகிறது. முழுக்க ஃப்ளோர்அப்படைட்டாக இருக்கும் படிகம் கரைய பி.எச். 4.5 அளவுக்கு இறங்க வேண்டும்.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அந்தப் படிகம் உருவாக 2 பங்கு ஃப்ளோரைடுக்கு 10 பங்கு கால்சியமும் 6 பங்கு பாஸ்பேட்டும் வேண்டும். உமிழ்நீர் ஊறாத வாயில் ஃப்ளோரைடை மட்டும் கொட்டினால் மூலப்பொருள் இல்லாமல் வேலை நின்றுவிடும். இரண்டு, பாலுக்கு உறை போல, தாது படிய மிச்சப் படிகம் கொஞ்சமாவது இருக்க வேண்டும். எல்லாம் கரைந்துபோன இடத்தில் புதுப்படிகம் உருவாவது மிகவும் கடினம்.

கொலாஜனைப் பற்றி மருத்துவர் ஏன் அடிக்கடி சொல்கிறார்?

வேர்ச் சொத்தை இரண்டு கட்டமாக முன்னேறுகிறது. முதலில் தாது கரைகிறது, கொலாஜன் நார்கள் அம்மணமாக நிற்கின்றன. அடுத்து, டென்டினிலும் உமிழ்நீரிலும் உள்ள கொலாஜனைச் சிதைக்கும் நொதிகள் அந்த நார்களை வெட்டத் தொடங்குகின்றன. தாது திரும்ப ஏறுவதற்குக் கொலாஜன்தான், கட்டடத்துக்குக் கட்டுவது போன்ற சாரம். சாரம் நிற்கும் வரை சுவர் எழுப்பலாம், சரிந்த பிறகு எழுப்ப முடியாது. முதல் கட்டத்தில் பிடித்துவிட்டால் வேலை சுலபம், இரண்டாம் கட்டம் போய்விட்டால் அடைக்கத்தான் வேண்டியிருக்கும். ஆறு மாதம் தள்ளிப்போடுவதில் உள்ள நஷ்டம் இதுதான்.

சொத்தை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தை நம்ப வேண்டாம். தொட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

ஓடும் சொத்தை ஈறின் விளிம்பை ஒட்டியே இருக்கும், மேலே அழுக்குப் படலம் மூடியிருக்கும். துடைத்துப் பார்த்தால் மங்கலாக, பளபளப்பே இல்லாமல் மஞ்சளாகவோ இளம்பழுப்பாகவோ தெரியும். நுனி உருண்ட கருவியை அதன் மேல் மெதுவாக இழுத்தால் ஈரத் தோல்மேல் இழுப்பது போலத் தயங்கித் தயங்கி வரும். முற்றியதாக இருந்தால் பாலாடைக்கட்டியைத் தொடுவது போல அமுங்கும். நின்றுபோன சொத்தை பெரும்பாலும் ஈறிலிருந்து சற்று விலகி, கரும்பழுப்பாகவோ கறுப்பாகவோ பளபளப்பாக இருக்கும். கருவியை இழுத்தால் கண்ணாடிமேல் போவது போல வழுக்கும், லேசாகத் தட்டினால் ‘டக்’ என்ற ஓசை வரும்.

கூர்மையான கருவியால் குத்திப் பார்ப்பது தவறு. தாது திரும்ப ஏறிக்கொண்டிருக்கும் மெல்லிய மேலடுக்கு அதில் உடைந்துபோகும். வீட்டில் பல்குச்சி, ஊசி, ஊக்கு எதையும் வைத்துக் குத்தாதீர்கள்.

இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள வேர்ச் சொத்தைக்கு எக்ஸ்ரே தேவைப்படும். பல்லின் கழுத்துப் பகுதியில் கதிர் அதிகமாக ஊடுருவி, சொத்தையே இல்லாத இடத்திலும் சொத்தை போன்ற கருநிழல் விழுவதுண்டு. படத்தை மட்டும் பார்த்து அடைக்கச் சொன்னால், கருவியால் தொட்டுப் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

வேர் கறுப்பாக இருக்கிறது, ஆனால் கெட்டியாக இருக்கிறதாம். அடைக்க வேண்டுமா?

வேண்டாம். அழுக்கு தேங்காமல், கூச்சமில்லாமல், பார்வைக்கும் உங்களுக்கு உறுத்தாமல் இருந்தால் அப்படியே விடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொட்டுப் பார்த்தால் போதும்.

வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. படலம் மேலே இருக்கும் வரை அடியில் தாது ஏறாது.

மென்மையான நார் கொண்ட பிரஷ், தலை சிறியதாக இருக்கட்டும். காலை ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை, இரண்டு முறையும் முழுசாக 2 நிமிடம். பிரஷின் நார்கள் பாதி ஈறிலும் பாதி வேரிலும் படும்படி சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன அசைவாகத் துலக்குங்கள். குறுக்காக இழுத்து இழுத்துத் தேய்த்தால் வேரில் ஆப்பு வடிவத்தில் பள்ளம் விழும். சொத்தை உள்ள இடத்தில் மட்டும் ஒற்றைக் குஞ்சம் வைத்த சிறிய பிரஷால் இன்னும் 10 வினாடி கூடுதலாகத் துலக்கலாம். ஈறு இறங்கிய இடுக்குகளில் நூலைவிட, பாட்டில் கழுவும் பிரஷைப் போன்ற குட்டி இடுக்கு பிரஷ்தான் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வேரின் பக்கவாட்டில் உள்ள பள்ளத்தை நூல் தொடாமல் தாண்டிவிடும். இடுக்கு பிரஷ் லேசான இறுக்கத்தோடு போய்வர வேண்டும். கம்பி பல்லில் உரசினால் அடுத்த சின்ன அளவுக்கு மாறுங்கள்.

துலக்கியதும் நுரையைத் துப்புங்கள். தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காதீர்கள். நமக்கு இது பழக்கமே இல்லாத விஷயம், வாய் வழவழவென்று இருக்கும். ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரில் கொப்பளித்தால் வேரில் தங்க வேண்டிய ஃப்ளோரைடு சாக்கடைக்குத்தான் போகும். முடியவே இல்லை என்றால் ஒரே ஒரு வாய்த் தண்ணீரால் அலம்பித் துப்புங்கள். இரவு துலக்கிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். தூக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகவே ஊறும். அப்போது வாயில் சர்க்கரை இருந்தால் அமிலத்தை முறிக்க ஆளில்லை, ஃப்ளோரைடு இருந்தால் அதைக் கழுவிவிடவும் ஆளில்லை.

குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருந்தால், பல் துலக்கிய உடனே அதைப் போடாதீர்கள். பேஸ்டில் உள்ள நுரைப்பொருள் அதைச் செயலிழக்கச் செய்யும். குறைந்தது அரை மணி இடைவெளி விடுங்கள், அதற்கு மேல் விட்டால் இன்னும் நல்லது.

எந்த பேஸ்ட்? ‘பிபிஎம்’ என்றால் என்ன?

பேஸ்டில் எவ்வளவு ஃப்ளோரைடு இருக்கிறது என்ற அளவு அது. 1000 பிபிஎம் என்றால் 1 கிராம் பேஸ்டில் 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு. இந்தியாவில் பற்பசையில் 1000 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அளவை டியூபிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட்டிருக்க வேண்டும். சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட் 0.76 சதவீதம் என்றோ, சோடியம் ஃப்ளோரைடு 0.22 சதவீதம் என்றோ போட்டிருந்தால் ஏறக்குறைய 1000 பிபிஎம். ‘மூலிகை’ என்று விற்கும் பல பேஸ்டுகளில் ஃப்ளோரைடே இருக்காது, பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வேர்ச் சொத்தைக்கென்று அதிகம் சோதிக்கப்பட்டது 5000 பிபிஎம் பேஸ்ட். 1.1 சதவீதம் சோடியம் ஃப்ளோரைடு என்று எழுதியிருக்கும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேர்ச் சொத்தைக்கு முதலில் தினமும் இதைத்தான் பயன்படுத்தச் சொல்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். பிரிட்டனில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுப்பதில்லை. இந்தியக் கடை பேஸ்ட் 1000 பிபிஎம்மோடு நின்றுவிடுவதால், இங்கே கிளினிக்கில் பூசும் வார்னிஷ், வெள்ளி மருந்து ஆகிய ஃப்ளோரைடு பூச்சுகளுக்குப் பொறுப்பு அதிகம். 1000 பிபிஎம் பேஸ்ட் போதாது என்று அதை விட்டுவிடாதீர்கள், ஒரு நாளும் தவறாமல் பயன்படுத்த வேண்டியது அதுதான்.

வெளிநாட்டிலிருந்து யாராவது 5000 பிபிஎம் டியூப் கொண்டுவந்து தந்தால், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ளே போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது கணக்கு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 50 மில்லிகிராம், அதாவது அந்தப் பேஸ்டில் வெறும் 10 கிராம். இரண்டு டீஸ்பூன்கூட வராது. பாத்ரூம் அலமாரியில் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள்.

வார்னிஷ் பூசுவது எப்படி? எத்தனை முறை?

5 சதவீதம் சோடியம் ஃப்ளோரைடு உள்ள, பிசின் போன்ற பூச்சு. அதில் 22,600 பிபிஎம் ஃப்ளோரைடு இருக்கிறது. படலத்தைத் துடைத்துவிட்டு, பஞ்சு வைத்து ஈரத்தை ஒற்றியெடுத்து, சிறிய பிரஷால் மெல்லிய ஒரே பூச்சு. எச்சில் பட்டதும் அது இறுகிப் பல்லில் பிடித்துக்கொண்டு, சில மணி நேரம் ஃப்ளோரைடை மெதுவாக விடும். 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை பூச வேண்டும். ஓடும் சொத்தை இருந்தால் 3 மாதம்.

அன்று 4 மணி நேரமாவது சூடான காபி, டீ, கடினமான பண்டம், மது கலந்த மவுத்வாஷ் வேண்டாம். அன்றிரவு துலக்காமல் மறுநாள் காலை துலக்குங்கள். அதிகம் நடக்கும் தவறு, படலத்தைத் துடைக்காமல் அதன் மேலேயே பூசிவிடுவது. பிசின் அழுக்கோடு சேர்ந்து மறுநாளே உரிந்து வந்துவிடும்.

பல்லைக் கறுப்பாக்கும் வெள்ளி மருந்து என்கிறார்களே, அது என்ன?

சில்வர் டயமின் ஃப்ளோரைடு, 38 சதவீதக் கரைசல். சுமார் 44,800 பிபிஎம் ஃப்ளோரைடும் அதைப் போலப் பல மடங்கு வெள்ளியும் கொண்டது. ஜப்பானில் 1970 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. வெள்ளி பாக்டீரியாக்களைக் கொல்கிறது, கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளையும் அடக்குகிறது. ஃப்ளோரைடு தாது ஏற உதவுகிறது. படுக்கையில் இருக்கும் முதியவர்கள், ஊசியும் டிரில்லும் தாங்க முடியாதவர்கள், ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பல்லில் வேர்ச் சொத்தை வந்தவர்கள் ஆகியோருக்கு இதைப்போல உதவும் மருந்து வேறில்லை என்பது எங்கள் கருத்து.

பூசும் முறை எளிது, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். உதட்டிலும் அந்தப் பல்லைச் சுற்றியுள்ள ஈறிலும் வாசலின் தடவி, பஞ்சு உருளைகளை வைக்க வேண்டும். சொத்தையின் மேல் உள்ள அழுக்கையும் உணவுத் துணுக்கையும் எடுத்தால் போதும், குடையத் தேவையில்லை. காற்றை நீண்ட நேரம் ஊதிக் காயவைக்கக் கூடாது, அம்மணமான கொலாஜன் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துபோகும். பஞ்சால் ஒற்றினாலே போதும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு எடுத்தால் 5 பற்களுக்கு வரும். கடைசி நிமிடத்தில்தான் சொட்ட வேண்டும், வெளிச்சத்தில் மருந்து கெடும். நுண்பிரஷை நனைத்து, கிண்ணத்தின் ஓரத்தில் உபரியை வழித்துவிட்டு, சொத்தையில் ஒரு நிமிடம் தடவி, மேலும் ஒன்று முதல் மூன்று நிமிடம் ஊற விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். இன்னும் மெத்தென்றிருந்தால் மறுபூச்சு, பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூசினால் பலன் கூடும்.

சொத்தை நிரந்தரமாகக் கறுக்கும். நல்ல பல் கறுக்காது. கையிலோ உதட்டிலோ பட்டால் பழுப்புக் கறை ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும், துணியில் பட்டால் போகவே போகாது. வெள்ளி ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், வாயில் புண் இருக்கும்போதும் பூசக் கூடாது.

கறுக்காமல் இருக்க வழி உண்டா?

வெள்ளி மருந்தின் மேல் உடனே பொட்டாசியம் அயோடைடு கரைசலைத் தடவினால் பால்போல வெள்ளை வீழ்படிவு வரும். அது தெளியும் வரை தடவித் துடைக்க வேண்டும். கறுப்பு குறையும், முழுசாகப் போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, நாளாக நாளாகக் கொஞ்சம் திரும்பும். கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு நோயாளிகளுக்கும் அயோடைடு வேண்டாம். முன்பல்லின் வேர் என்றால் வார்னிஷும் பேஸ்டும் போட்டு முதலில் முயன்று பார்ப்பது மேல்.

பால் புரதக் கிரீம், உயிர்க்கண்ணாடி பேஸ்ட் எல்லாம் பயன்படுமா?

பால் புரதக் கிரீம் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் உருவானது. பாலின் கேசீனிலிருந்து எடுத்த துணுக்குகள் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் படியவிடாமல் தாங்கிக்கொண்டு பல்லருகே கொண்டுவந்து விடுகின்றன. உமிழ்நீர் குறைந்தவர்களுக்கு இது பொருத்தம், ஏனென்றால் அவர்களிடம் இல்லாத மூலப்பொருளை இது தருகிறது. ஃப்ளோரைடுக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்துத்தான். இரவு துலக்கிய பிறகு பட்டாணி அளவு எடுத்து விரலால் வேரில் தடவி, சில நிமிடம் வைத்திருந்து துப்பலாம். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக் கூடாது. பாலின் லாக்டோஸ் சேராதவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

உயிர்க்கண்ணாடி என்பது லாரி ஹென்ச் 1969இல் ஃப்ளோரிடாவில் எலும்புக்காக உருவாக்கிய கண்ணாடி வகை. எச்சில் பட்டதும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் விட்டு, டென்டினின் நுண்குழாய்களை அடைத்துவிடும். பல் கூச்சத்துக்கு நல்ல பொருள். ஓடும் சொத்தையைக் கெட்டிப்படுத்த இதை மட்டும் நம்பாதீர்கள். பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட் நரம்பின் உணர்வை மட்டுப்படுத்துமே தவிர தாது எதையும் ஏற்றாது. கூச்சம் நின்றது என்பதால் சொத்தையும் நின்றது என்று எண்ணிவிடக் கூடாது.

கொலாஜன் நாருக்குள்ளேயே தாதுவை ஏற்ற முடியுமா?

ஆய்வுக்கூடத்தில் முடிகிறது. பாலிஅஸ்பார்டிக் அமிலம் போன்ற பாலிமர், கால்சியம் பாஸ்பேட்டைப் படிகமாக விடாமல் திரவம் போன்ற நிலையில் வைத்து நாருக்குள் ஊடுருவச் செய்கிறது. வேருக்கு உண்மையான பலம் நாருக்குள் இருக்கும் தாதுவிலிருந்துதான் வருகிறது. ஃப்ளோரைடு பெரும்பாலும் நாருக்கு வெளியேயும் மேலடுக்கிலும்தான் வேலை செய்கிறது. அன்றாடக் கிளினிக் சிகிச்சை இப்போதைக்கு ஃப்ளோரைடைச் சுற்றித்தான் நடக்கிறது.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு வாய் உலர்கிறது, வேரெல்லாம் மெத்தென்று ஆகிறது. சம்பந்தம் உண்டா?

உண்டு. அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வுக்கான மாத்திரைகள், சளி அலர்ஜி மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் வருவதற்குத் தரும் மாத்திரைகள், நீர் மாத்திரைகள் எல்லாம் உமிழ்நீரைக் குறைக்கலாம். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 மில்லி அளவில் ஊற வேண்டிய உமிழ்நீர் 0.1 மில்லிக்குக் கீழே போனால் வேர்கள் வேகமாகக் கெடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், சர்க்கரை இல்லாத சூயிங்கம் இரண்டும் உதவும். வாய் உலர்கிறதே என்று கற்கண்டையோ இருமல் மிட்டாயையோ நாள் முழுக்கச் சப்பிக்கொண்டிருப்பது, வேரை அமிலத்தில் ஊறவைப்பதற்குச் சமம்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு உமிழ்நீர்ச் சுரப்பிகள் பழுதாகி, சில மாதத்திலேயே பல்லின் கழுத்தைச் சுற்றிச் சொத்தை ஓடும். அவர்களுக்கு அளவெடுத்துச் செய்த தட்டில் 1.1 சதவீதம் சோடியம் ஃப்ளோரைடு ஜெல்லை மெல்லிய கோடாக இட்டு, தினமும் 5 முதல் 10 நிமிடம் பல்லில் மாட்டி வைக்கச் சொல்வார்கள். பிறகு துப்பிவிட்டு அரை மணி நேரம் எதுவும் கூடாது. இது ஆயுள் முழுக்கத் தொடர வேண்டிய வேலை. சிகிச்சை தொடங்கும் முன்பே பல் மருத்துவரைப் பாருங்கள், கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. புண்ணும் எரிச்சலும் இருக்கும் நாட்களில், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்தால் இதமாக இருக்கும், அமிலமும் முறியும்.

டீயை விட வேண்டுமா?

டீயை விட வேண்டாம், சர்க்கரையை விடுங்கள். முடியாதென்றால் எண்ணிக்கையையாவது குறையுங்கள். ஒவ்வொரு முறை சர்க்கரை உள்ளே போனதும் சில நிமிடத்தில் அமிலம் ஏறி, அது அடங்க அரை மணி முதல் ஒரு மணி ஆகும். நாளுக்கு ஆறு டீ, கூடவே பிஸ்கட் என்றால் வேருக்கு ஓய்வே கிடையாது. இரண்டு டீயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் அதே சர்க்கரை செய்யும் கெடுதல் வெகுவாகக் குறையும்.

உமிக்கரி, செங்கல் தூள், உப்பும் எலுமிச்சையும்?

வேர் வெளியே தெரியும் வாயில் இவை எதுவும் வேண்டாம். எனாமலையே உராயும் பொருள்கள் அவை, டென்டின் அதைவிட எத்தனையோ மென்மையானது. எலுமிச்சை தாதுவைக் கரைக்கும், உப்புக் கல் கரைந்ததைச் சுரண்டும். விரலால் தேய்த்தாலும் இதே கதைதான்.

கால்சியம் மாத்திரை சாப்பிட்டால்?

எலும்புக்கு நல்லது. முளைத்து முடிந்த பல்லின் வேருக்கு ரத்தத்திலிருந்து தாது ஏறாது. எண்ணெய் கொப்பளிப்பதாலும் ஏறாது. வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம்தானே என்பவர்களுக்கும் இதே பதில்தான், அது ஈறைப் புண்ணாக்கும்.

எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஃப்ளோரைடு பேஸ்ட் போடலாமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து மக்கள் கேட்கும் நியாயமான கேள்வி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அங்குள்ள ஃப்ளோரைடு பாதிப்பைத் தணிக்கத்தான். பல்லில் வரித்தழும்பு விழுவது, பல் உருவாகும் சிறுவயதில் விழுங்கிய ஃப்ளோரைடால். முளைத்து முடிந்த பல்லில் பேஸ்டைத் தடவித் துப்பும் பெரியவருக்கு அது வராது. துப்பத் தெரிந்த பெரியவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். சின்னக் குழந்தைகளுக்கு அரிசி அளவு பேஸ்ட், பெரியவர் பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீரைக் குடிக்க வேண்டாம், அது எலும்பையும் பாதிக்கும் விஷயம்.

எப்போது அடைத்தே ஆக வேண்டும்?

குழி ஆழமாகி பிரஷ் நுழையவில்லை என்றால், உணவு அடைகிறது என்றால், ஈறுக்கு அடியில் இறங்குகிறது என்றால், நரம்பை நெருங்குகிறது என்றால். வேருக்கு நாங்கள் முதலில் நினைப்பது கிளாஸ் அயனோமர் சிமென்ட். டென்டினில் தாதுவோடு வேதியியல் முறையில் பிணைந்து, ஃப்ளோரைடும் விடும். ஓரத்தில் உள்ள மெத்தென்ற பகுதியைச் சுத்தமாக எடுக்க வேண்டும், நரம்புப் பக்கம் உள்ளதைக் கொஞ்சம் விட்டுவைக்கலாம். 10 சதவீதம் பாலிஅக்ரிலிக் அமிலத்தை 10 முதல் 20 வினாடி தடவிக் கழுவி, ஈரப்பசை மிச்சமிருக்கும்படி ஒற்றியெடுத்து அடைக்க வேண்டும். இறுகும் நேரத்தில் எச்சிலோ ஈறின் ரத்தமோ பட்டால் ஓரம் பொடிந்துவிடும், வேர் அடைப்புகள் விழுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். அடைத்த பிறகு அமிலத்தன்மை உள்ள ஃப்ளோரைடு ஜெல் வேண்டாம், அது சிமென்டின் மேற்பரப்பை அரிக்கும். நடுநிலையான சோடியம் ஃப்ளோரைடு சரி.

எவ்வளவு நாளில் பலன் தெரியும்? ஏன் சிலருக்குத் தோற்கிறது?

3 மாதத்தில் முதல் சோதனை. பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் இறுகத் தொடங்கும். 6 மாதம் ஒழுங்காகச் செய்தும் மெத்தென்றே இருந்தால் திட்டத்தை மாற்ற வேண்டும்.

தோற்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது ஈறை ஒட்டிய அந்த 1 மி.மீ. கோடு. அழுக்குப் படலத்தை நிறமேற்றிக் காட்டும் சாயத்தைத் தடவிப் பார்த்தால் பலரும் அங்கே துலக்குவதே இல்லை என்று தெரியும். ஈறு வீங்கி ரத்தம் வருவதால் பயந்து விலக்குகிறார்கள், விலக்குவதால் இன்னும் வீங்குகிறது. அடுத்தது, கழற்றி மாட்டும் பல்செட்டின் கொக்கி பிடிக்கும் பல். செட்டை இரவில் கழற்றாமல் தூங்குகிறவர்களுக்கு அந்தப் பல்லின் வேர்தான் முதலில் போகும். இன்னொன்று, மேலடுக்கு மட்டும் இறுகி அடியில் மெத்தென்றே தங்கிவிடுவது. தொட்டால் கெட்டியாக இருக்கும், துலக்குவதை விட்ட ஆறே மாதத்தில் சரிந்துவிடும். நின்றுபோன சொத்தையையும் பட்டியலில் வைத்துக்கொண்டு தொடர்ந்து தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்கு யார், எப்படிச் செய்வது?

நீங்களே செய்யலாம். தலையை உயர்த்தி ஒரு பக்கம் சாய்த்து, கன்னத்தடியில் துண்டு வையுங்கள். எச்சில் தொண்டைக்குள் இறங்காமல் வெளியே வழியட்டும். பிரஷில் பேஸ்டைப் பட்டாணியில் பாதி மட்டும், நுரை அதிகம் வராததாக. ஒரு விரலால் கன்னத்தை விலக்கி, முதலில் கீழ்க் கடைவாயின் கன்னப்பக்கம், பிறகு மேலே, கடைசியில் நாக்குப் பக்கம். ஈரத்துணியைச் சுண்டுவிரலில் சுற்றி நுரையைத் துடைத்தெடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். அவர் வாயைத் திறக்க மறுத்தால் கட்டாயப்படுத்தாமல், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டுப் பாருங்கள். ஒரு நாளில் ஒரு வேளைதான் முடியும் என்றால் அது இரவாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்து வெள்ளி மருந்து பூச முடியுமா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு சொட்டு மருந்து, பஞ்சு, வாசலின், நல்ல டார்ச் வெளிச்சம் இருந்தால் கட்டிலிலேயே செய்துவிடலாம். பூசும் முன் தலையணைக்கு மேல் பழைய துணி ஒன்றை விரித்துவிடுங்கள்.